பிள்ளைப்பேற்றின் பின் வயிற்றுத்தசை விலகுதல்

(உக்கடத்தில் கூடிய நமது சங்கத்து மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மாதக் கூட்டத்தில் பேசவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் எழுதியபோது, பொருளை என் விருப்பத்திற்கே விட்டிருந்தார்கள். நான் எழுதியனுப்பிய தலைப்பைக் கண்ட பெரியவர் ஒருவர், "இஃது ஆடவரும் இருக்கும் சபையில் பேசத் தக்கதா?" என்று கேட்டதாக அறிந்தேன். அவர் ஐயுற்றதில் பிழையில்லை. ஆயினும், இக்குறை பெண்டிர் உடம்பிலே உண்டாவதாயினும், அதனைக் கூட்டுவதிலும் குறைப்பதிலும் வீட்டிலுள்ள ஆடவர்க்கும் மாமியார்மார்க்கும் பெரும்பங்கு உண்டு. அவர்களை வெளியே நிறுத்திவிட்டுப் பேசினால் பேச்சிற் பாதி வீணாய்விடும். அப்பெரியவரும் இன்று முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கிறார். அவருக்கு என் வந்தனம்.

நம் சமூகத்துப் பெண் ஒருத்தி, எனக்கு உறவு, பெயர் வேண்டா. இரண்டாம் பிரசவமாகி எட்டு மாதம் சென்றபின், ஒருநாள் உக்கடம் பேருந்து நிலையத்தில் பொள்ளாச்சி வண்டி ஏறினாள். உட்கார இடமில்லை. வயதான அம்மாள் ஒருவர் எழுந்து, "இப்படி வந்து உக்காருங்க கண்ணு, எத்தனை மாசமுங்க?" என்று கேட்டார். அன்பினாற் கேட்டதே. அவள் மறுமொழி கூறாது உட்கார்ந்து, முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு, கிணத்துக்கடவு வரையிற் சன்னலையே பார்த்துக்கொண்டு போனாளாம். அதன்பிறகு கலியாணம் காட்சிகளுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். இராச்சோற்றை விட்டாள். கையும் கன்னமும் மெலிந்தன, வயிறு மெலியவில்லை. தொப்பை என்றார் ஒருவர். சோம்பல் என்றார் ஒருவர். பேறுகாலத்துக் கட்டைச் சரியாகக் கட்டவில்லை என்றார் மூன்றாமவர். இம்மூன்று காரணங்களும் பிழை என்பதை எடுத்துக்காட்டவே இங்கு வந்து நிற்கிறேன்.

இக்குறைக்கு வைத்திய நூலார் 'டயாஸ்டாசிஸ் ரெக்டை' என்று பெயரிட்டிருக்கின்றனர். நாம் வயிற்று நேர்தசை விலகல் என்று சொல்லிக்கொள்வோம். வயிற்றின் முன்புறத்தில், நெஞ்செலும்பின் கீழிருந்து அடிவயிற்று எலும்பு வரையில், தொப்புளின் இடத்தும் வலத்தும் இரண்டு நீண்ட தசைப்பட்டைகள் இறங்குகின்றன. அவையே நேர்தசைகள். விலாப்புறங்களிலோ ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அகன்ற தசைகள் உள்ளன. நம்மவர் தறியோடு பிறந்தவர்களாதலின் மேற்கொண்டு நெசவை வைத்தே சொல்லிவிடுகிறேன். அவ்வகன்ற தசைகள் முன்னே வர வரத் தசைத்தன்மை நீங்கி, வெண்மையான மெல்லிய நார்த்துணியாக மாறி, நேர்தசைகளை உறைபோலச் சூழ்ந்துகொண்டு, நடுவிலே வந்து சேர்கின்றன. சேருமிடத்தில் இடப்புறத்து நார் வலப்புறமும், வலப்புறத்து நார் இடப்புறமுமாகக் குறுக்கிட்டுப் பாவும் ஊடையும்போலப் பின்னி ஒரு நாடாவாகிறது. இந்நாடாவுக்கு இலத்தீன் மொழியில் 'லீனியா ஆல்பா', அதாவது வெண்கோடு, என்று பெயர். வெண்கோட்டுக்குத் தானே சுருங்கும் ஆற்றல் கிடையாது. இருபுறத்துத் தசைகளும் இழுத்துப் பிடிக்கும்போதுதான் அது விறைப்பாக நிற்கும். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

கருப்பம் வளர வளர, கருப்பை இந்நாடாவை முன்னோக்கித் தள்ளுகிறது. அக்காலத்தில் உடம்பிற் சுரக்கும் சுரப்புநீர்களாலும் நார்கள் இளகிக் கொடுக்கின்றன. நாடா அகல்கிறது, மெலிகிறது, நேர்தசைகள் இரண்டும் கரைகள்போல விலகி நிற்கின்றன. இங்கு எதுவும் கிழிவதில்லை. கிழிந்து ஓட்டை விழுந்து, அதன் வழியே குடலோ கொழுப்போ வெளித் தள்ளுமாயின் அது குடலிறக்கம் எனப்படும் வேறொரு நோய். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக் கலங்குவோர் பலர். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருப்பதுண்டு என்பதால், வைத்தியரிடம் ஒருமுறை காட்டிவிடுவதே முறை.

எவ்வளவு விலகினால் குறை எனலாம்? 2009-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து தேசத்து ஆராய்ச்சியாளர், பிள்ளை பெறாத 150 பெண்களின் வெண்கோட்டை அல்ட்ராசவுண்டு கருவியால் அளந்து பார்த்தனர். நெஞ்செலும்பின் நுனியில் 15 மில்லிமீட்டர் வரையிலும், தொப்புளுக்கு மூன்று சென்டிமீட்டர் மேலே 22 மில்லிமீட்டர் வரையிலும், தொப்புளுக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே 16 மில்லிமீட்டர் வரையிலும் இருப்பது இயல்பே என்று கண்டனர். ஒருமுறையும் கருவுறாத பெண்ணுக்கும் ஏறக்குறைய இரண்டு விரற்கிடை இருக்கக்கூடும் என்பது இதனாற் பெறப்படும். ஐரோப்பியக் குடலிறக்க வைத்தியர் சங்கத்தார் 2021-இல் வெளியிட்ட நெறிமுறையில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்பட்டதையே விலகல் என்று வரையறுத்தனர். இணையத்திற் கண்ட படத்தைப் பார்த்து, ஒன்றரை விரற்கிடைக்கு அழுதுகொண்டு வரும் இளந்தாய்மார்களை என் தொழிலில் நான் பார்க்கிறேன். அவர்களுக்கு இந்த எண்களே பாதி மருந்து.

இனி, இது யாருக்கு வரும், எவ்வளவு காலம் நிற்கும் என்பதைப் பார்ப்போம். போர்ச்சுக்கல் தேசத்தில் முதன்முறை கருவுற்ற 84 பெண்களை அளந்து 2015-இல் வெளியிட்டார்கள். முப்பத்தைந்தாம் வாரத்தில் ஒருவர் தவறாமல் அனைவருக்கும் விலகல் இருந்தது. பிரசவமாகி ஆறு மாதத்தில் நூற்றுக்கு 39 பேருக்கே எஞ்சியிருந்தது. எஞ்சியவர்க்கும் எஞ்சாதவர்க்கும் உடற்பருமனிலோ, கருப்பகாலத்தில் ஏறிய எடையிலோ, குழந்தையின் நிறையிலோ வேறுபாடு காணப்படவில்லை. நார்வே தேசத்தில் காரி போ என்னும் அம்மையாரும் அவருடைய கூட்டத்தாரும் முதற்பிரசவத்துப் பெண்கள் 300 பேரைத் தொடர்ந்து பார்த்து 2016-இல் எழுதினர். அங்கே விரலால் தொட்டுப் பார்த்த கணக்கு. ஆறாம் வாரத்தில் நூற்றுக்கு 60 பேர். ஆறாம் மாதத்தில் 45 பேர். ஓராண்டு நிறைந்தபோது 33 பேர். விலகல் உள்ளவர்க்கு இடுப்புவலி மிகுதி என்று நாமெல்லாரும் நினைத்திருந்தோம். அவ்வாராய்ச்சியில் அவ்வாறு தெரியவில்லை.

"எல்லாப் பெண்களும் பெற்றார்கள், உனக்கு மட்டும் என்ன?" என்று கேட்கும் வாய்க்கு இவ்வெண்கள் விடை சொல்லும். எல்லார்க்கும் வருகிறது, பலருக்குத் தானே தணிகிறது, மூவரில் ஒருவருக்கு ஆண்டு கடந்தும் நிற்கிறது. அவள் அதிகம் தின்றதனாலோ, பிள்ளை பெரியதாயிருந்ததனாலோ நிற்பதாகச் சொல்ல ஆதாரமில்லை. ஒரே ஒரு செய்தி மட்டும் நார்வேக் கணக்கில் தலைகாட்டியது. வாரத்தில் இருபது முறைக்கு மேற் பாரம் தூக்கியவர்களுக்கு, விலகல் எஞ்சும் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்காயிருந்தது. வாரத்திற்கு இருபது முறை என்பது நாளொன்றுக்கு மூன்று முறைதானே? பதினைந்து லிட்டர் குடம் நீரால் நிறைந்தால் பதினைந்து கிலோ; குடத்தின் எடை வேறு. குழாயில் தண்ணீர் வரும் நாளில், பச்சையுடம்புக்காரி எத்தனை குடம் தூக்கி உள்ளே வைக்கிறாள் என்பதை இச்சபையிலுள்ள ஆடவர் எண்ணிப்பார்த்ததுண்டா?

நம் வீட்டு வழக்கங்களுக்கு வருவோம். பேறுகாலத்திற் பழைய நூல்வேட்டியையோ சேலையையோ மடித்து வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டுவது நம் கொங்கு நாட்டில் நெடுநாளைய வழக்கம். கட்டாவிட்டால் வயிற்றிற் காற்றுப் புகுந்து பெருத்துவிடும் என்பர். மலேயாவுக்குப் போன தமிழரும் அங்குள்ள மலாய்ப் பெண்டிர் 'பெங்குங்' என்னும் நீண்ட துணியால் கட்டக் கண்டிருக்கின்றனர். இன்று மருந்துக்கடைதோறும் பெல்ட் விற்கிறது. நம் பாட்டிமார் வழக்கத்தை முழுதும் மூடநம்பிக்கை என்று தள்ள நான் ஒருப்படேன். இளகி நிற்கும் வயிற்றுக்கு அக்கட்டு ஒரு தாங்கல். எழும்போதும் நடக்கும்போதும் இருமும்போதும் ஆறுதல் தரும். வயிறு கிழித்துப் பிள்ளை எடுக்கப்பட்டவளுக்கு மேலும் ஆறுதல். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவங்கள் அறுவையால் நிகழ்ந்தன என்றால், இவ்வாறுதலை வேண்டுவோர் எத்தனைபேர் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆயினும் கட்டு மட்டுமே விலகலை மூடிவிடும் என்று நம்பத்தக்க ஆராய்ச்சி எதுவும் நிலைநாட்டவில்லை. துணி தாங்கும், தசைக்கு வலுவூட்டாது. வயிற்றிற் காற்றுப் புகுவது என்பது இல்லவே இல்லை. மூச்சுமுட்ட இறுக்குவதும், அறுவைத் தையலின்மேல் வியர்வை ஊறக் கட்டுவதும் கூடா. கட்டியவள் உண்ணவும் மூச்சிழுக்கவும் பாலூட்டவும் இடர்ப்படாமலிருந்தால் கட்டு சரி.

கட்டைப்பற்றி இவ்வளவு தாட்சணியம் காட்டுகிற நான், மற்றொன்றைப்பற்றிக் காட்டமாட்டேன். தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருக்கும் என்று சொல்லி, பெற்றவளுக்கு வாய் நனையமட்டும் நீர் கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு நீர். பால் கொடுப்பவள் தாகத்தால் வாடும்படி சித்திரை வெயிலில் அவளை வைத்திருப்பது கொடுமை. குடித்த நீர் குடலிற் சென்று இரத்தத்திற் கலந்து சிறுநீராய் வெளியேறுவது. வெண்கோட்டுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மாமியார்மார்களே, உங்கள் மருமகள் கேட்டபோதெல்லாம் கேட்ட அளவு தண்ணீர் கொடுங்கள்.

இக்குறைக்குச் செய்யும் பரிகாரங்களை ஆராய்வதில் ஒரு வில்லங்கம் உண்டு. பலருக்குத் தானே தணிவது என்று முன்னர்ச் சொன்னேனல்லவா? அப்படியானால் பிரசவமான ஆறாம் வாரத்தில் எதைத் தொடங்கினாலும், ஆறாம் மாதத்தில் அதற்கே பெயர் கிடைக்கும். இலேகியம் தின்றவள் இலேகியத்தால் என்பாள். பெல்ட் அணிந்தவள் பெல்ட்டால் என்பாள். எண்ணெய் தேய்த்தவள் எண்ணெயால் என்பாள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. விழுந்தது காக்கையாலா, காலத்தாலா என்று அறிய ஒரே வழி, ஒத்த நிலையிலுள்ள பெண்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குச் சிகிச்சை செய்து, மற்றொன்றுக்குச் செய்யாது, எந்தக் கூட்டம் என்று தெரியாத ஒருவரைக்கொண்டு இரண்டையும் அளப்பதாகும். இம்முறையிற் செய்த ஆராய்ச்சிகளையே நான் பெரிதாக மதிக்கிறேன். பத்திரிகை விளம்பரத்தில் முன்னும் பின்னுமாகப் போடும் இரண்டு புகைப்படங்களை மதிப்பதில்லை.

அத்தகைய ஆராய்ச்சி நெடுங்காலம் அருகியே இருந்தது. 2014-இல் ஆஸ்திரேலிய தேசத்தார் அதுவரை வந்தவற்றையெல்லாம் திரட்டிப் பார்த்தபோது, 8 ஆராய்ச்சிகளும் அவற்றில் 336 பெண்களுமே தேறினர். தேகப்பயிற்சி உதவக்கூடும், உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றே முடித்தனர். 2018-இல் நார்வே தேசத்தார் 175 தாய்மார்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தனர். ஒரு பாதியினர் நான்கு மாதம் வாரம் ஒருமுறை கூடிப் பயிற்சி செய்தனர். வீட்டிலும் நாள்தோறும் இடுப்புத்தள தசைகளுக்குப் பயிற்சி கொடுத்தனர். முடிவில் விலகல் எஞ்சியவர் தொகை இரு கூட்டத்திலும் ஏறக்குறைய ஒன்றே. 2019-இல் வெளியான வேறோர் ஆராய்ச்சியிலோ, 40 பெண்களிற் பாதிப்பேர் எட்டு வாரம் ஆழ்தசைப் பயிற்சி செய்ய, இடைவெளி மற்றவர்களைக் காட்டிலும் குறுகிற்று. ஒன்று ஆம் என்கிறது. ஒன்று இல்லை என்கிறது. பின்னது சிறிய ஆராய்ச்சி. இரண்டிலும் செய்த பயிற்சியும் வேறு வேறு.

இந்நிலையில் உலகெங்கும் தாய்மார்களிடையே ஓர் அச்சம் பரவியிருந்தது. மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் தூக்கும் பயிற்சி விலகலை அதிகப்படுத்தும். அதனைச் செய்யவே கூடாது என்பது. நானும் பல ஆண்டுகள் அவ்வாறே சொல்லிவந்தேன். தலை தூக்கினால் நடுவயிறு கூரைமுகடுபோல் எழும்பி நிற்பதைக் கண்ணாற் காணும்போது அஞ்சத்தானே செய்வோம்? 2016-இல் கனடா தேசத்து டயான் லீ அம்மையாரும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து சர்வகலாசாலைப் பேராசிரியர் பால் ஹாட்ஜஸும் இதனை அல்ட்ராசவுண்டில் ஆராய்ந்தனர். விலகல் உள்ளவர் 26 பேர். இல்லாதவர் 17 பேர். தலையைத் தூக்கியபோது இடைவெளி குறுகிற்று. ஆனால் வெண்கோடு தொய்ந்து நெளிந்தது. வயிற்றின் ஆழத்திலுள்ள குறுக்குத் தசையை முதலில் உள்ளிழுத்துக்கொண்டு தூக்கியபோது இடைவெளி அவ்வளவு குறுகவில்லை. வெண்கோடோ விறைத்து நின்றது. தறிக்காரர்க்கு இதனை விளக்கவேண்டுமா? பாவின் இரு தலையையும் அருகே கொண்டுவந்தால் இடைத்தூரம் குறையும், பாவு தொய்யும். தொய்ந்த பாவில் நெய்ய முடியுமா? தூரத்தை விடுங்கள், விறைப்பைப் பாருங்கள் என்பது அவ்வாராய்ச்சியின் சாரம்.

பின்னர் 2023-இல் நார்வேக் கூட்டத்தாரே அவ்வச்சத்தை நேராகச் சோதித்தனர். பிரசவமாகி ஆறு முதல் பன்னிரண்டு மாதம் சென்ற, விலகலுள்ள 70 தாய்மார்கள். சீட்டுக் குலுக்கியதில் பாதிப்பேருக்கு, எது கூடாதென்று சொல்லிவந்தோமோ அந்தத் தலைதூக்கும் பயிற்சியையே, நாள் பத்து நிமிஷம், வாரம் ஐந்து நாள், பன்னிரண்டு வாரம் கொடுத்தனர். இடைவெளி அகலவில்லை, குறுகவும் இல்லை. ஆனால் வயிற்றுத் தசைகள் தடித்தன, வலுவும் ஏறிற்று. இதனைப் படித்த அன்று, நான் தடுத்துவைத்திருந்த பெண்களையெல்லாம் நினைத்து எனக்குச் சிறிது வெட்கமாகவே இருந்தது. வலுவிழந்த வயிற்றை இன்னும் அசையாதே என்று கட்டிப்போட்டிருந்தேன்.

ஆகவே என் அபிப்பிராயம் இது. இடைவெளி எத்தனை விரல் என்று வாரந்தோறும் அளந்து மனம் புழுங்குவதை விட்டு, குழந்தையைத் தூக்கவும், தரையிலிருந்து எழவும், நாள் முழுதும் நின்று வேலை செய்யவும் வயிறு துணை செய்கிறதா என்பதை அளவுகோலாகக் கொள்ளவேண்டும். அவ்வளவுகோலில் தேகப்பயிற்சிக்குப் பயனுண்டு. இடைவெளியை மூடித்தருவேன் என்று முன்பணம் கேட்பவர் எவராயினும் அவரிடம் எச்சரிக்கையாயிருங்கள்.

பயிற்சி செய்தும் ஆறாத சிலர் உண்டு. அவர்க்குச் சத்திரசிகிச்சை ஒரு வழி. இதில் நம் கோயமுத்தூருக்கு ஒரு பங்கு உண்டு என்பதை நம்மவர் அறியார். இங்கிருந்து சிறிது தூரத்தில், இராமநாதபுரம் பங்கஜா மில் சாலையில் உள்ள ஜெம் ஆஸ்பத்திரியின் டாக்டர் பழனிவேலு அவர்களும் உடனுழைப்போரும், 2009-ஆம் ஆண்டில் 'ஹெர்னியா' என்னும் சர்வதேச வைத்திய சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வயிற்றைப் பெரிதாகக் கீறாமல், சிறு துளைகள் வழியே கருவிகளைச் செலுத்தி, உள்ளிருந்தே விலகிய நடுப்பகுதியை மடித்துத் தைத்து, அதன்மேல் செயற்கை வலை ஒன்றைப் பொருத்தி உறுதிப்படுத்தும் முறையை அதில் விவரித்தனர். கயிற்றை இழுத்தால் மரப்பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து சேரும் சன்னல் திரை உண்டல்லவா? அதனை மேனாட்டார் வெனிஸ் நகரத்தின் பெயரால் அழைப்பர். நூலை இழுக்க நார்த்துணி மடிப்பு மடிப்பாகச் சேர்வதால் அத்தையலுக்கும் அப்பெயரே இட்டனர். நம் பெண்டிர் சேலைக் கொசுவத்தை நினைத்துக்கொண்டாற் போதும். 18 பேருக்குச் செய்ததைப் பின்னோக்கிப் பார்த்து எழுதிய அறிக்கை அது. சீட்டுக் குலுக்கி ஒப்பிட்டதன்று. ஆதலின் இதுவே மேலான முறை என்று அதை வைத்துச் சொல்ல இயலாது. ஆயினும் இவ்விஷயத்தை ஆராய்ந்து எழுதும் பிறதேசத்து வைத்தியர்கள் தம் நூற்பட்டியலில் கோயமுத்தூர் அறிக்கையையும் சேர்த்துக்கொள்கின்றனர்.

ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சி ஸ்வீடன் தேசத்தில் நடந்தது. வலை வைத்துச் சரிசெய்வதையும், இரட்டை வரிசையாய்த் தைப்பதையும் சீட்டுக் குலுக்கி ஒப்பிட்டு 2016-இல் வெளியிட்டனர். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இரு திறத்தார்க்கும் வலி தணிந்து, வயிற்றின் வலு கூடியிருந்தது; ஒரு முறை மற்றொன்றை வென்றதாகத் தெரியவில்லை. 2019-இல் அந்நாட்டாரே, பயிற்சி செய்தும் தொல்லை நீங்காத 60 தாய்மார்களுக்குச் சத்திரசிகிச்சை செய்து, அவர்களுடைய நடமாட்டமும் வாழ்க்கைச் சுகமும் மேம்பட்டதாக எழுதினர். ஐரோப்பிய நெறிமுறையோ, முதலிற் பயிற்சி, அதற்குப்பின்னரே கத்தி என்கிறது. மேலும் பிள்ளை பெற எண்ணமுள்ளவள் பொறுத்திருப்பதே தக்கது. இன்னொரு கருப்பம் தைத்ததையும் அகட்டிவிடும். பருமனைக் குறைக்கும் வைத்தியமாக இதனை விளம்பரம் செய்வோர் சொல்லுக்குச் செவிகொடாதீர்கள்.

வீட்டிற் செய்வதற்கு வருகிறேன். சோதித்துப் பார்ப்பது எளிது. பிரசவமாகி ஆறு வாரம் சென்றபின், மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தொப்புளுக்குச் சற்று மேலே விரல்நுனிகளைக் குறுக்காக வைத்துக்கொண்டு, தலையை மட்டும் மெல்லத் தூக்கவேண்டும். இருபுறமும் கயிறுபோல் விறைக்கும் ஓரங்களுக்கிடையில் எத்தனை விரல் அமிழ்கிறது என்று பார்க்கலாம். தொப்புளுக்குக் கீழேயும் ஒருமுறை. இருவிரலுக்கு மேற்பட்டால் ஓர் இயன்முறை வைத்தியரிடம் காட்டுங்கள். திருச்சி சாலையிலுள்ள அரசினர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் இயன்முறைப் பிரிவு உண்டு. பிரசவம் பார்த்த டாக்டரிடமே ஒரு சீட்டு எழுதி வாங்கிச் செல்லலாம்.

பயிற்சியிற் பெரும்பகுதிக்குக் காசும் கருவியும் வேண்டா. வைத்தியர் உத்தரவு பெற்றபின் முதல் வாரங்களிலேயே தொடங்கத்தக்கது மூச்சுப் பயிற்சி. மூச்சை மெல்ல வெளிவிட்டுக்கொண்டே அடிவயிற்றை உள்ளிழுத்து, சிறுநீரை அடக்குவதுபோல இடுப்புத்தளத்தை மேலே இழுத்துச் சிறிது நிறுத்தி விடுவது. படுக்கையிலிருந்து எழும்போது நேரே எழாமல், ஒருக்களித்துக் கையூன்றி எழுவது. பின் நடை. உக்கடம் பெரியகுளத்தின் கரையில் நல்ல நடைபாதை போட்டிருக்கிறார்கள். காலையில் அங்கே நடக்கும் ஆடவர் தொகைக்குப் பெண்டிர் தொகை ஈடாகவில்லை என்பது என் வருத்தம். மெல்ல மெல்ல வலு ஏறியபின் தலைதூக்கும் பயிற்சிக்கும் போகலாம். பத்து நிமிஷந்தான். ஆனால் அந்தப் பத்து நிமிஷம் குழந்தையை யாராவது வைத்துக்கொள்ளவேண்டுமே! நான் எழுதிக்கொடுக்கும் பயிற்சிகள் பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில்தான். அவளுக்குச் சோம்பல் என்பீர்கள். அவள் கையில் பிள்ளை இருக்கும், அடுப்பிற் பால் இருக்கும், வாசலில் குடம் இருக்கும்.

குடத்தைக் கணவன்மார் எடுத்துக்கொள்ளட்டும். ஓராண்டுக்காவது எடுத்துக்கொள்ளட்டும்.

ஒன்றைமட்டும் தள்ளிப்போடக் கூடாது. தொப்புளருகே கட்டிபோல் எழும்பிப் படுத்தாலும் உள்ளே போகாமல் நின்றாலும், அதில் கடும்வலி கண்டாலும், அத்துடன் வாந்தி சேர்ந்தாலும், அது குடல் சிக்கிய அடையாளமாயிருக்கக்கூடும். அன்றைக்கே, அந்த நாழிகையே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

முதலிற் சொன்ன பெண்ணைப்பற்றிக் கேட்பீர்கள். அவளுடைய மாமியார் இப்போது இச்சபையில் இருக்கிறார். அவர் அனுமதியோடுதான் சொல்லுகிறேன். ஆறு மாதம் அவள் பயிற்சி செய்தாள். அந்நேரம் பிள்ளையை வைத்துக்கொண்டவர் அந்த மாமியாரே. நான்கு விரலாயிருந்தது மூன்றாயிற்று, அதற்குமேல் குறையவில்லை. அது பயிற்சியாற் குறைந்ததா, காலத்தாற் குறைந்ததா என்றால், நான் சீட்டுக் குலுக்கவில்லை, சொல்ல இயலாது. வயிறு இன்னும் சிறிது முன்தள்ளியே இருக்கிறது. அரிசி மூட்டையைப் பிடிப்பாள். இரண்டு பிள்ளைகளையும் இரண்டு இடுப்பிலும் வைத்துக்கொண்டு மாடி ஏறுவாள். சென்ற தை மாதம் பேருந்தில் மறுபடியும் ஒருவர் எழுந்து இடங்கொடுத்து, "எத்தனை மாசமுங்க?" என்றாராம். "மாசமில்லீங்க, வருசமாச்சுங்க, சின்னவளுக்கு ரெண்டு முடிஞ்சுதுங்க" என்று சொல்லிவிட்டு, இடத்தையும் விடாமல் உட்கார்ந்துகொண்டாளாம்.

தாய்மார்களில் எவரேனும் தனித்துக் கேட்க விரும்பினால், சிற்றுண்டி முடியும் வரையில் பின்கட்டு அறையில் இருப்பேன்.